முடிவு தெரிந்த பின் தொடங்கும் படம்: 'புதிய பறவை' மறுபார்வை

(புதுக்கோட்டையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு. அச்சுக்காகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)



புதுக்கோட்டையில் சினிமா பற்றிப் பேச வருகிறவரிடம் இந்த ஊர் எதிர்பார்க்கும் பெயர்கள் சில உண்டு. புதுக்கோட்டை உலகநாதன் சின்னப்பா என்ற பி.யு. சின்னப்பா இந்த மண்ணின் பிள்ளை. 1940இல் 'உத்தம புத்திர'னில் இரட்டை வேடமிட்டவர். ஜெமினி கணேசனும் 1920இல் இங்கேதான் பிறந்தார். கண்ணதாசன் தம் இளமையில் பத்திரிகை ஆசிரியராக அமர்ந்ததும் இந்த ஊரிலிருந்து வந்த 'திருமக'ளில்தான். இவர்களில் ஒருவரைத் தனியாக எடுத்துப் பேசாமல், கண்ணதாசன் பாட்டெழுதிய ஒரு படத்தைப் பேச எடுத்திருக்கிறேன். சின்னப்பாவுக்குப் பின் 1958இல் அதே 'உத்தம புத்திர'னில் நடித்த சிவாஜி கணேசன், தம் சொந்த நிறுவனத்தின் பெயரில் எடுத்த படம் அது. தாதா மிராசி இயக்கி, 1964 செப்டம்பர் 12 அன்று வெளியான 'புதிய பறவை'.

இதைக் காதல் படம் என்பார்கள், மர்மப் படம் என்பார்கள். இரண்டும் சரி, ஆனால் ஒரே நேரத்தில் இரண்டும் அல்ல. முதல் முறை பார்க்கிறவருக்கு அது மர்மப் படம். முடிவு தெரிந்து மறுபடி பார்க்கிறவருக்குத்தான் அது காதல் படம். வீடியோ டெக், விசிடி, டிவிடி, இன்றைய கைப்பேசி என்று வீட்டுக்குள் வந்த திரைதான் அந்த இரண்டாவது படத்தை நமக்குத் தந்தது. நான் இன்று நிறுவ நினைப்பது இதைத்தான். முடிவை வெளியே சொல்லாதே என்பது மர்மப் படத்துக்கான நாகரிகம். படம் வந்து அறுபது ஆண்டு ஆகிவிட்டதால் அந்த நாகரிகத்தை இன்று நான் மீறப்போகிறேன். பார்க்காத மாணவர்கள் மன்னிக்க வேண்டும்.

1. கதை வந்த வழி

சிங்கப்பூரில் வாழ்ந்த செல்வந்தர் கோபால் கப்பலில் ஊர் திரும்புகிறார். கப்பலில் லதாவும் அவள் தந்தை ராமதுரையும் பழக்கமாகிறார்கள். ஊட்டியில் உள்ள தம் மாளிகைக்கு அவர்களை அழைக்கிறார். காதல் வளர்கிறது. ரயிலைக் கண்டால் மட்டும் கோபால் நிலைகுலைந்துபோகிறார். காரணம் கேட்கும் லதாவிடம், தம் முதல் மனைவி சித்ரா ரயில் பாதையில் உயிரை விட்டாள் என்கிறார். திருமணம் நிச்சயமாகும் வேளையில், சித்ரா நான்தான் என்று ஒரு பெண் தன் மாமன் ரங்கனோடு வந்து நிற்கிறாள். அவள் சித்ரா அல்ல என்று நிரூபிக்க கோபால் எடுக்கும் முயற்சி ஒவ்வொன்றும் தோற்கிறது. கடைசியில், உண்மையான சித்ரா தம் கையால் அறைபட்டுச் செத்தவள் என்று அவரே கத்திவிடுகிறார். அந்த ஒரு வாக்குமூலத்துக்காகத்தான் எல்லாமே நடந்திருக்கிறது. புதிய சித்ரா, ரங்கன், ராமதுரை, லதா நால்வருமே துப்பறிய வந்த அதிகாரிகள்.

இந்தக் கதையின் வேர் பிரிட்டனில் இருக்கிறது. மைக்கேல் ஆண்டர்சன் இயக்கிய 'சேஸ் எ குரூக்கட் ஷேடோ' 1958இல் வந்தது. அதில் குற்றம் செய்தவள் ஒரு பெண். ஆன் பாக்ஸ்டர் நடித்தார். செத்துப்போன அண்ணன் நான்தான் என்று ஒருவன் அவள் வீட்டுக்குள் நுழைகிறான். அண்ணனைக் கொன்றதே நான்தான், நீ எப்படி அவனாக முடியும் என்று அவள் வெடிக்கும் இடத்தில் வலை இறுகுகிறது. அதிலிருந்து 1963இல் வங்காளத்தில் உத்தம் குமார் நடித்த 'சேஷ் அங்க' வந்தது. அடுத்த ஆண்டே தமிழுக்கு வந்துவிட்டது.

ஆங்கிலப் படத்தில் விசாரணையின் கருவி பயம். தமிழில் அந்த இடத்துக்குக் காதல் வந்து சேர்ந்தது. குற்றவாளியைப் பேச வைக்க அவன் நேசிக்கும் பெண்ணையே அனுப்புகிறார்கள். கதைக்கு இந்த மாற்றம் அலங்காரமாக வரவில்லை. இதனால்தான் படத்துக்குள் இரண்டாவது கேள்வி ஒன்று பிறக்கிறது. முதல் கேள்வி, வந்திருப்பவள் சித்ராவா இல்லையா? அதற்கான பதில் கடைசிக் காட்சியில் கிடைத்துவிடுகிறது. இரண்டாவது கேள்வி, லதாவின் நடிப்பு எந்த இடத்தில் நின்று காதல் எந்த இடத்தில் தொடங்கியது? நடிக்க வந்தவள் உண்மையிலேயே காதலித்துவிட்டேன் என்று முடிவில் சொல்கிறாள். எப்போது என்று படம் சொல்வதில்லை. அதைத் தேட வேண்டுமானால் படத்தைத் திரும்ப முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

2. லதா: கேட்டுக்கொண்டே இருக்கும் பெண்

லதாவாக நடித்த சரோஜாதேவி 2025 ஜூலையில் மறைந்தபோது எல்லோரும் நினைவுகூர்ந்தது அவருடைய கொஞ்சல் பேச்சை, உடையை, கொண்டையை. 'புதிய பறவை'யை முடிவு தெரிந்து பார்க்கும்போது அந்தக் கொஞ்சலுக்கு வேறொரு பயன் தெரிகிறது. அதுதான் லதாவின் மாறுவேடம். கள்ளமற்ற பெண் என்று ரசிகர்கள் ஏற்கெனவே நம்பியிருந்த ஒரு பாணிக்குள் இயக்குநர் ஒரு துப்பறிவாளரை ஒளித்து வைத்திருக்கிறார்.

லதா பேசுவதைவிடக் கேட்பது அதிகம் என்பதைக் கவனியுங்கள். ரயிலைக் கண்டு கோபால் ஏன் நடுங்கினார் என்று அவள் கேட்பது முதல் பார்வையில் பரிவு. மறுபார்வையில் விசாரணை. அவர் தம் முதல் மணவாழ்வைச் சொல்லச் சொல்ல அவள் முகம் வாடுகிறது. காதலியின் முகம் அது. சாட்சியம் பதிவு செய்யும் அதிகாரியின் முகமும் அதுவே. ஒரே முகபாவம் இரண்டு கதைக்கும் பொருந்த வேண்டும் என்பது நடிகைக்கு மிகக் கடினமான வேலை. அதைச் செய்தவருக்குப் பாராட்டு போதிய அளவு கிடைக்கவில்லை. நடிப்பின் பெருமை எல்லாம் கோபால் பக்கமே போய்விட்டது.

இங்கே ஹிட்ச்காக்கோடு ஒப்பிடலாம். அவருடைய 'வெர்டிகோ'வில், படம் முடிய இன்னும் நேரம் இருக்கும்போதே பெண்ணின் ரகசியம் நமக்குச் சொல்லப்பட்டுவிடுகிறது. அதன்பின் நாம் நாயகனை விட்டு அவள் படும் பாட்டைப் பார்க்கத் தொடங்குகிறோம். அந்தப் படத்தின் சாயலில் 1965இல் தமிழில் வந்த 'கலங்கரை விளக்க'த்திலும் சரோஜாதேவிதான் நாயகி. 'புதிய பறவை' ரகசியத்தைக் கடைசி வரை கட்டிவைக்கிறது. ஹிட்ச்காக் ஒரே காட்சிக்குள் நமக்குச் செய்து கொடுத்ததை, இங்கே பார்வையாளர் இன்னொரு முறை பார்த்துத் தாமே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

3. கோபால்: ஒரே முகத்தில் இரண்டு துன்பம்

கோபாலிடம் நியாயம் பாதி இருக்கிறது என்பதுதான் அவருடைய சிக்கல். வந்தவள் பொய்க்காரி என்று அவர் சொல்வது உண்மை. அது தமக்கு எப்படித் தெரியும் என்பதை மட்டும் அவர் சொல்ல முடியாது. பொய்யை எதிர்த்துப் போராடும் நல்லவனாகவும் உண்மையை மறைக்கும் குற்றவாளியாகவும் சிவாஜி ஒரே சமயத்தில் நடிக்க வேண்டியிருந்தது.

'எங்கே நிம்மதி' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். திரையரங்கில் முதல் முறை கேட்டவருக்கு, பிறர் சூழ்ச்சியில் மாட்டி நொந்த மனிதனின் புலம்பல் அது. உண்மை தெரிந்து கேட்பவருக்கு, செய்த காரியத்தோடு தனியாக வாழும் ஒருவனின் மனச்சான்று பேசுகிறது. கண்ணதாசனின் சொற்கள் இரண்டு நிலைக்கும் இடம் கொடுக்கின்றன. விஸ்வநாதன்–ராமமூர்த்தி பெரிய வாத்தியக் குழுவை வைத்து எழுப்பிய ஓசையும் அப்படித்தான். அந்த இரைச்சல் வெளியிலிருந்து வருகிறதா, அவர் மண்டைக்குள்ளிருந்து வருகிறதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. சிவாஜியின் நடிப்பு மிகை என்று குறை சொல்பவர்கள் இந்தப் படத்தை இரண்டாம் முறை பார்க்க வேண்டும். தம்மேல் சந்தேகம் வராமல் இருக்கக் கோபால் தம் வாழ்க்கையிலேயே நடித்துக்கொண்டிருப்பவர். மிகை அந்தப் பாத்திரத்தின் இயல்பு.

4. நட்சத்திரங்களைக் கொண்டே போட்ட வேலி

துப்பு மறைக்கும் கலையில் தாதா மிராசி செய்த நல்ல காரியம் நடிகர் தேர்வு. எம்.ஆர். ராதா திரையில் வந்தாலே ஏதோ வில்லங்கம் என்பது 'ரத்தக் கண்ணீர்' காலத்திலிருந்து தமிழர்கள் அறிந்தது. அவரை ரங்கனாக, பணம் பறிக்க வந்தவன் போலத் தோன்றும் மாமனாக நிறுத்தினால் யாருக்கும் சந்தேகம் வராது. அவர் காவல்துறை ஆள் என்பது கடைசியில்தான் உறைக்கிறது. வி.கே. ராமசாமி பாசமுள்ள, கொஞ்சம் வெள்ளந்தியான அப்பா. அந்த வேடத்தில் அவரைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அவரும் வேவு பார்ப்பவர் என்று தோன்றாது.

சித்ராவாக வரும் சௌகார் ஜானகி விஷயம் இன்னும் நுட்பமானது. 'படிக்காத மேதை', 'பாலும் பழமும்' போன்ற படங்களில் சிவாஜியின் மனைவியாக, பொறுமையும் துன்பமும் கொண்ட பெண்ணாக வந்தவர் அவர். இந்தப் படத்தில் இரவு விடுதியில் பாடும் நாகரிக நங்கையாக 'பார்த்த ஞாபகம் இல்லையோ' என்று வந்து நிற்கிறார். பிற்பாதியில் சுசீலாவின் குரலில் அதே மெட்டு சோகமாகத் திரும்பும்போது, பழைய படங்களின் அழுகை முகம் ரசிகருக்கு நினைவு வருகிறது. இவள் உண்மையான மனைவியாகத்தான் இருப்பாள் என்று ஒரு கணம் மனம் சாய்கிறது. ரசிகர்களின் நினைவையே துப்பு மறைக்கும் திரையாகப் பயன்படுத்திய படம் இது.

5. சித்ராவுக்கு வாய் இல்லை

இனிச் சொல்லப்போவதை, படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்க்க வசதி வந்த பிறகே என்னால் காண முடிந்தது.

உண்மையான சித்ராவை இந்தப் படத்தில் நாம் நேராகப் பார்ப்பதே இல்லை. அவள் வரும் காட்சிகள் எல்லாம் கோபால் சொல்லும் கதைக்குள் வருகின்றன. அவள் குடித்தாள், ஊர் சுற்றினாள், குடும்ப மானத்தைக் கெடுத்தாள், மாமனார் சாகக் காரணமானாள் என்பதெல்லாம் கோபாலின் வாய்மொழி. முதல் முறை அவர் லதாவிடம் இதைச் சொல்லும்போது முக்கியமான ஒரு பகுதியை மறைக்கிறார். தற்கொலை என்று முடிக்கிறார். இரண்டாம் முறை வாக்குமூலமாகச் சொல்லும்போதுதான் அறைந்ததும், அவள் விழுந்து இறந்ததும், பிணத்தை ரயில் பாதையில் கிடத்தியதும் வருகின்றன. ஒரு முறை மறைத்தவர் சொன்ன மற்றவை மட்டும் அப்படியே உண்மையா? 1950இல் ஹிட்ச்காக் 'ஸ்டேஜ் ஃபிரைட்' படத்தில் பொய்யான பின்னோக்குக் காட்சி வைத்தபோது, ரசிகரை ஏமாற்றிவிட்டார் என்று குறைப்பட்டார்கள். நாமோ 'புதிய பறவை'யிடம் அந்தக் கேள்வியை இத்தனை காலம் கேட்கவே இல்லை. கோபாலுக்காக அழுதோம். அவருடைய குடும்ப கௌரவத்துக்காக வருந்தினோம். செத்தவளுக்காக அரங்கில் யாரும் கண் கலங்கியதாகத் தெரியவில்லை.

1964இன் தமிழ்ச் சமூகம் குடிக்கும் மனைவியை எப்படிப் பார்த்திருக்கும் என்பது விளங்குகிறது. அவளுக்கு இதயம் பலவீனம் என்று திரைக்கதை கோபாலின் கைக்கு ஒரு சலுகையும் கொடுக்கிறது. ஆனாலும் படத்தின் சட்டம் அவரை விடுவிக்கவில்லை என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். காதலித்த பெண்ணே அவரைச் சட்டத்திடம் ஒப்படைக்கிறாள். காத்திருப்பேன் என்கிறாள், விட்டுவிடுங்கள் என்று கேட்கவில்லை. சிவாஜியைப் போன்ற பெரிய நட்சத்திரம், தம் சொந்தப் பணத்தில் எடுத்த படத்தில், மனைவியைக் கொன்றவனாக விலங்கோடு போகத் துணிந்தார். இன்றைய நாயகர்கள் எத்தனை பேர் இதற்குச் சம்மதிப்பார்கள்?

6. வீட்டுத் திரை கொடுத்ததும் எடுத்ததும்

மறுபடி பார்ப்பது வீடியோவோடு வந்த பழக்கம் அல்ல. டூரிங் கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்து ஒரே படத்தைப் பலமுறை பார்த்தவர்கள் இந்த மாவட்டத்தில் ஏராளம். கொட்டகையில் படம் அதன் போக்கில் ஓடும். ஒரு பார்வையை, ஒரு தயக்கத்தை நிறுத்திவைக்க முடியாது. அந்த அதிகாரம் 1980களில் டெக்கோடு வந்தது.

புதுக்கோட்டை மாவட்டத்துக்கு அது வந்த வழியும் இந்தப் படத்தின் வழிதான். கோட்டைப்பட்டினம், கோபாலப்பட்டினம், மணமேல்குடி, அறந்தாங்கிப் பக்கமிருந்து சிங்கப்பூர், மலேயா, வளைகுடா என்று பிழைக்கப் போன சபுராளிகள் திரும்பும்போது டெக்கும் கேசட்டும் கொண்டு வந்தார்கள். கோபாலின் சிங்கப்பூர் மற்ற ஊர்களுக்கு வெறும் கனவுத் தேசமாக இருந்திருக்கலாம். இங்கே அது பக்கத்து வீட்டுக்காரர் போய் வரும் ஊர். காதணி விழாவுக்கும் கல்யாணத்துக்கும் டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து விடிய விடிய மூன்று படம் போடுவார்கள். பழைய சிவாஜி படம் ஒன்று அதில் கட்டாயம் இருக்கும்.

ஆனால் வீட்டுக்கு வந்தது முழுப் படமா? சில விஷயங்களைச் சொல்கிறேன்.

வேகம்: திரையரங்கில் படம் நொடிக்கு 24 சட்டகம் ஓடும். நம் நாட்டுத் தொலைக்காட்சி முறை 25. அந்த முறைக்கு மாற்றிப் பதிந்த பிரதியில் இரண்டரை மணி நேரப் படம் ஆறு நிமிடம் முன்னதாகவே முடிந்துவிடும். சுருதியும் முக்கால் அரைச்சுரம் அளவுக்கு ஏறிவிடும். இசைத்தட்டில் கேட்ட பாட்டு டிவியில் சற்றுக் கீச்சென்று ஒலித்ததற்கு இது ஒரு காரணம்.

நிறம்: 'புதிய பறவை' ஈஸ்ட்மென் வண்ணப் படம். அந்தக் காலத்து ஈஸ்ட்மென் பிரதிகளில் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கும். சிவப்பு மட்டும் மிஞ்சும். மங்கிய பிரதியிலிருந்து எடுத்த கேசட்டில் ஊட்டியின் பச்சை இளஞ்சிவப்பாகத் தெரிந்தது அதனால்தான்.

அளவு: தமிழில் சினிமாஸ்கோப் 1973இல் 'ராஜராஜ சோழன்' படத்தோடுதான் வந்தது. அதற்கு முந்தைய படங்களின் சட்டகம் ஏறக்குறைய பழைய பெட்டி டிவியின் வடிவமே. ஆகவே அந்தக் குண்டு டிவியில் படம் முழுதாகத் தெரிந்தது. இன்றைய அகலத் திரையை நிரப்ப வேண்டும் என்று மேலும் கீழும் வெட்டினால் உயரத்தில் கால் பங்குக்கு அருகே போய்விடும். வெட்டாமல் இழுத்தால் சரோஜாதேவியின் முகம் பூசணிக்காய் ஆகிவிடும். பழைய படத்துக்கு இரு பக்கமும் கறுப்புப் பட்டை இருப்பதுதான் முறை.

வெட்டு: விசிடியில் ஒரு தட்டுக்கு ஏறக்குறைய 75 நிமிடம்தான் அடங்கும். தட்டு மாறும் இடம் இயக்குநர் வைத்த இடைவேளை அல்ல. பாட்டையும் நகைச்சுவைக் காட்சியையும் குறைத்த பிரதிகளும் புழங்கின. மர்மப் படத்தில் ஒரு நிமிடம் போனால் ஒரு துப்பு போனது என்று பொருள். 2007 வாக்கில் மோசர் பேயர் முப்பது ரூபாய் அளவுக்கு அசல் தட்டு விற்றதும் திருட்டுத் தட்டுக்கு ஓரளவு மாற்று கிடைத்தது. 2010இல் 'புதிய பறவை' டிஜிட்டல் வடிவில் மீண்டும் அரங்குக்கே வந்தது. ஆக, மறுபார்வைக்கு உரிய படம் நமக்குக் கிடைத்தது. ஒழுங்கான பிரதியில் கிடைக்க நாள் பிடித்தது.

7. செய்ய வேண்டியவை

என் கருத்தைத் தொகுத்துச் சொல்கிறேன். முடிவு தெரிந்ததும் மதிப்பிழந்து போகும் மர்மப் படம் வெறும் புதிர். முடிவு தெரிந்த பின் பாத்திரங்கள் புதிதாகத் தெரிந்தால் அது கலை. 'புதிய பறவை' இரண்டாம் வகை. லதாவின் காதலும் கோபாலின் குற்ற உணர்வும் சித்ராவின் மௌனமும் இரண்டாம் முறை பார்ப்பவருக்காகவே அதில் காத்திருக்கின்றன.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் 1992 திருத்தமும் திரைப்படத்துக்குத் தரும் பாதுகாப்பு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள். 1964இல் வெளியான படங்களுக்கு அந்தக் காலம் 2024 முடிவோடு நிறைவடைந்தது. பாட்டுக்கும் இசைக்கும் உரிமைக் கணக்கு தனி. அதை மதிக்க வேண்டும். அந்த ஆண்டின் படங்களைக் கல்லூரியில் பாடமாக வைத்து, நிறுத்தி நிறுத்திப் பார்த்து, காட்சி காட்சியாக எழுதுங்கள். முதல் பார்வைக் குறிப்பும் மறுபார்வைக் குறிப்பும் தனித்தனியாக இருக்கட்டும்.

ஊராருக்கு இன்னொரு வேண்டுகோள். இந்தியத் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் புனேயில் தொடங்கியதும் இதே 1964இல்தான். ஆனாலும் சின்னப்பாவின் படங்கள் எல்லாமே இன்று முழுமையாகப் பார்க்கக் கிடைப்பதில்லை. சொந்த ஊர்க் கலைஞனுக்கே இந்த நிலை. உங்கள் பரண்களில் கேசட்டும் பாட்டுப் புத்தகமும் சினிமா நோட்டீசும் கிடக்கும். ஈரத்தில் கேசட்டுக்குப் பூஞ்சை பிடித்துவிடும். தாளைக் கரையான் தின்றுவிடும். ஒரு தம்பதியின் முயற்சியில் முதற்பதிப்பு நூல்களைச் சேர்த்து வைத்த ஞானாலயா இருக்கும் ஊர் இது. அச்சுக்கு அந்த நூலகம் செய்ததைத் திரைக்கும் இந்த ஊர் செய்யலாம். பரணில் இருப்பதை எடைக்குப் போடும் முன் ஒரு நூலகத்திடமோ கல்லூரியிடமோ காட்டுங்கள்.